முகம் கறுத்தால் வாசனையையும் சந்தேகியுங்கள்

1970-களில் ஜப்பானின் தோல் மருத்துவர்களிடம் ஒரே மாதிரியான குறையோடு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். கன்னம், நெற்றி, கழுத்துப் பக்கம் எல்லாம் பழுப்பும் கருப்புமாகத் திட்டுகள். அது தீராது என்றே வெகுகாலம் கருதப்பட்டது. மேலே எதையாவது பூசி மறைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஹிதேயோ நகாயமா என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்தப் பெண்கள் தினமும் பூசியவற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தேடினார்கள். ஒவ்வொரு சேர்மானத்தையும் தனித்தனியாகத் தோலில் ஒட்டிச் சோதித்தார்கள். சில சிவப்புச் சாயங்கள் பிடிபட்டன. அவற்றோடு வாசனைப் பொருள்களும் வரிசையாகப் பிடிபட்டன: மல்லிகைச் சாறு, இலாங் இலாங் எண்ணெய், பென்ஸைல் சாலிசிலேட், ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால். மறைக்கப் பூசியதில்தான் கருமைக்கான காரணமே இருந்தது. மருந்தைவிட முக்கியமான சிகிச்சையாக அமைந்தது, அந்தப் பொருள்கள் இல்லாத சோப்பும் அழகுசாதனமும்தான். அவற்றை மட்டும் பயன்படுத்தியவர்களுக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலாகி, முகம் மெல்லத் தெளிந்தது. 1977 முதல் ஜப்பானின் பெரிய நிறுவனங்கள் இந்தப் பொருள்களை விலக்கத் தொடங்கின. புதிதாக வரும் நோயாளிகளும் குறைந்தார்கள்.

நம் ஊரில் இதை ஏன் சொல்ல வேண்டும்? வாசனை ஒவ்வாமை என்றால் தோல் சிவந்து தடிக்கும் என்று படித்திருக்கிறோம். வெள்ளைத் தோலில் அப்படித்தான் தெரியும். நம் மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் சிவப்பு கண்ணுக்குத் தட்டுப்படாமலே போகலாம். லேசான அரிப்பு வந்து அடங்கிவிடும். பின்னாலேயே கருமை வந்து தங்கிவிடும். வீட்டில் அதை 'மங்கு' என்பார்கள், 'வெயிலில் அலைந்தது' என்பார்கள். அடுத்த நாள் கடையிலிருந்து முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம் வந்துவிடும், கமகம என்ற வாசனையோடு. இந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் முகத்தை மூடிக்கொண்டு நடக்கும் பெண்களை நினைத்தால் மனது வலிக்கிறது.

தோல் எப்படி நினைவு வைத்துக்கொள்கிறது

வாசனைத் துகள்கள் மிகச் சிறியவை. அதனால்தான் காற்றில் பறந்து மூக்கை எட்டுகின்றன; அதனால்தான் தோலின் மேலடுக்கையும் எளிதில் தாண்டுகின்றன. உள்ளே போனதும் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தோலில் காவலிருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அந்த அந்நிய உருவை நெறிகட்டும் இடங்களுக்குத் தூக்கிச் சென்று, நோய் எதிர்ப்புக்கான டி செல்களிடம் அடையாளம் காட்டும். இந்தப் பாடம் முடியப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். அந்தச் சமயத்தில் வெளியே ஒன்றுமே தெரியாது. பாடம் ஒருமுறை பதிந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் அழியாது.

'பத்து வருஷமா இதே சோப்புதான் போடறேன், இப்ப மட்டும் எப்படி வரும்?' என்று கேட்காதவர்கள் இல்லை. பத்தாம் வருடத்தில்கூட வரும். எந்தத் தடவையில் உடம்பு அந்தப் பொருளை எதிரியாக எண்ணத் தொடங்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல், இது உடனே வருவதில்லை. திங்கட்கிழமை பூசியதற்குப் புதன்கிழமை அரிக்கும். அதற்குள் கத்திரிக்காய் சாப்பிட்டிருப்போம், கருவாடு சாப்பிட்டிருப்போம். பழி அங்கே போய்விடும். பூசிய சில நிமிடத்திலேயே சுரீரென்று எரிந்து, கழுவியதும் அடங்கினால் அது பெரும்பாலும் வெறும் எரிச்சல். இந்த வகை ஒவ்வாமை அல்ல. ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழு 2012-இல் வெளியிட்ட கருத்துப்படி, அங்குள்ள மக்களில் 1 முதல் 3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாது.

ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருப்பவை

கையில் இருக்கும் கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலின் கடைசிப் பக்கம் 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்' என்று ஒரு சொல் இருக்கும். அது ஒரு பொருளின் பெயர் அல்ல. பல பத்துப் பொருள்கள், சில சமயம் நூற்றுக்கும் மேல், கலந்த ஒரு கலவையின் பெயர். கலவை தொழில் ரகசியம் என்பதால் உள்ளே இருப்பவற்றைச் சொல்லாமல் விடும் வழக்கம் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் 26 வாசனைப் பொருள்களுக்கு இந்த ரகசியத்தை மறுத்தது. பூசி அப்படியே விடும் பொருளில் 0.001 சதவீதத்துக்கு மேல், கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றின் பெயரையும் அச்சிட வேண்டும். 2023-இல் வந்த விதி அந்தப் பட்டியலை 80-க்கும் மேலாக நீட்டியது. அமெரிக்காவில் 2022-இல் இயற்றப்பட்ட சட்டம், ஒவ்வாமை தரும் வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லி அறிவிக்க விதி வகுக்கும்படி அரசைப் பணித்தது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் சேர்மானப் பட்டியலைக் கேட்கின்றன. ஆனால் 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். கிரீம்களில் வாசனை பெரும்பாலும் அந்தச் சிறு அளவில்தான் இருக்கும். தனக்கு எது ஆகாது என்று பரிசோதனையில் தெரிந்துகொண்ட ஒருவருக்கு, 'பர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல் எந்த உதவியும் செய்யாது. அவருக்குத் தேவை பெயர். அதைக் கேட்பது நுகர்வோரின் உரிமை என்றே நான் நினைக்கிறேன்.

பெயர் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு லைரால் ஓர் உதாரணம். லில்லி மலர் வாசம் தரும் செயற்கைப் பொருள். லோஷன், டியோடரன்ட் என்று பல ஆண்டுகள் எங்கும் கலந்திருந்தது. ஒவ்வாமைப் பரிசோதனைகளில் திரும்பத் திரும்ப அதன் பெயர் வந்ததால், 2019 ஆகஸ்டு முதல் அது கலந்த புதிய பொருள்களையும் 2021 ஆகஸ்டு முதல் கடையில் மிச்சமிருந்தவற்றையும் ஐரோப்பிய ஒன்றியம் தடுத்தது.

'இயற்கை' என்ற சொல் காப்பாற்றுமா?

லைராலோடு சேர்த்துத் தடை செய்யப்பட்ட மற்ற இரண்டும், அட்ரானாலும் குளோரோஅட்ரானாலும், மரத்தில் படரும் ஓக்மாஸ் என்ற பாசிக்காளானின் சாற்றில் தாமாகவே இருப்பவை. கிராம்பின் மணம் யூஜினால். லவங்கப் பட்டையில் சின்னமால். எலுமிச்சைப் புல்லில் சிட்ரால். ஆரஞ்சுத் தோலில் லிமோனீன். ஆலையில் செய்த யூஜினாலும் கிராம்பில் வடித்த யூஜினாலும் ஒரே பொருள்தான். தோலுக்கு அது எங்கே பிறந்தது என்று தெரியாது. 'ரசாயனம் கலக்காத மூலிகை சோப்பு' என்று வீட்டிலேயே செய்து விற்பவர்கள் எலுமிச்சைப் புல் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறார்கள். அவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது.

செயற்கை வாசனையின் தனி ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 1868-இல் வில்லியம் பெர்கின் ஆய்வுக்கூடத்தில் கூமரினைச் செய்து காட்டிய பிறகு, வாசனை படிப்படியாக மலிவானது. மலிவானதால் எல்லாவற்றிலும் புகுந்தது. காலையில் சோப்பு, ஷாம்பூ, பவுடர், முகத்துக்குக் கிரீம். பிறகு துணிக்குப் போட்ட திரவம், பாத்திரம் கழுவுவது, தரை துடைப்பது. லினலூல் என்ற ஒரே வாசனைப் பொருள் ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை ஒரே கையைத் தொடுகிறது. மஸ்க் அம்ப்ரெட் என்ற செயற்கைக் கஸ்தூரி இன்னொரு வகை: சவரம் செய்தபின் பூசும் லோஷனில் இருந்துகொண்டு, வெயில் பட்டதும் ஆண்களின் முகத்தில் ஒவ்வாமையைக் கிளப்பியது. ஐரோப்பாவில் 1995-இல் விலக்கப்பட்டது.

பழைய பாட்டில் பற்றியும் சொல்ல வேண்டும். லினலூலும் லிமோனீனும் புதிதாக இருக்கும்போது அவ்வளவு பொல்லாதவை அல்ல. காற்று பட்டுப் பட்டு ஹைட்ரோபெராக்ஸைடுகளாக மாறும்போதுதான் வீரியமான ஒவ்வாமைப் பொருள்களாகின்றன. ஸ்வீடனில் ஆன்-தெரேஸ் கார்ல்பெர்க்கின் குழு இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து நிறுவியது. குளியலறை ஜன்னலில் மூடி திறந்தபடி ஒரு வருடமாக நிற்கும் அரை பாட்டில் லோஷன், வாங்கிய அன்று இருந்த அதே லோஷன் அல்ல.

எந்த இடத்தில் பார்ப்பது

கண்ணிமை, கழுத்து, காதுக்குப் பின்புறம், அக்குள். இமைத்தோல் மிக மெல்லியது என்பதால் தலையில் தேய்த்ததும் விரலில் ஒட்டியதும் முதலில் அங்கேதான் வெளிப்படும். ஷாம்பூ என்றால் அது வழிந்தோடும் பாதையில், கன்னத்தின் ஓரமாகவும் கழுத்திலும் தெரியும். நெற்றி நடுவிலும் வகிட்டிலும் மட்டும் கறுத்தால் குங்குமத்தைப் பாருங்கள். குங்கும ஒவ்வாமையைப் பற்றிப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்களே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதில் சாயம், வாசனை இரண்டுமே குற்றவாளிகளாக இருக்கலாம். சில சமயம் நோயாளி எதையுமே பூசியிருக்க மாட்டார். பக்கத்தில் படுக்கும் கணவரின் லோஷனோ, இடுப்பில் தூக்கும் குழந்தையின் பவுடரோ காரணமாக இருக்கும். கரப்பான் உள்ள பிள்ளைகளின் தோல் ஏற்கெனவே பழுதுபட்ட வேலி. அவர்களுக்கு வாசனையே வேண்டாம்.

முதுகில் இரண்டு நாள்

எந்தப் பொருள் ஆகவில்லை என்று கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை உதவாது. ஜெர்மானிய மருத்துவர் யோசெஃப் யாடசோன் 1895-இல் அறிமுகப்படுத்திய பேட்ச் டெஸ்ட்தான் இன்றும் வழி. சந்தேகப் பொருள்களைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மறுபடி ஓரிரு நாளில் இன்னொரு முறை பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது நடக்கிற காரியமல்ல. முடிந்தால் மழைக்காலத்திலோ மார்கழியிலோ நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும், முடிவு மாறும்.

புதிய கிரீமை முகத்தில் போடுமுன், முழங்கையின் உள்மடிப்பில் ஒரே இடத்தில் தினம் இருமுறை, ஒன்று முதல் இரண்டு வாரம் பூசிப் பாருங்கள். அரித்தால் நிறுத்துங்கள். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருப்பதைத் தேடுங்கள். 'அன்சென்டட்' என்பது வேறு. மூலப்பொருளின் வாடையை அமுக்க அதில் வாசனை சேர்த்திருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த வெளுப்பு கிரீமைத் தொடாதீர்கள். அது சில நாள் அரிப்பை அடக்கிவிட்டுத் தோலை மெலியவைக்கும்.

தோல் மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் உள்ளவற்றைத் தூக்கியெறிந்துவிட்டுப் போகாதீர்கள். சோப்பு, பவுடர், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், குங்குமச் சிமிழ், கணவரின் சவர லோஷன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, டப்பாவும் அட்டையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். அட்டையில் உள்ள பட்டியலைப் படித்துத்தான் எதை முதுகில் ஒட்டுவது என்று அவர் முடிவு செய்வார்.