வெற்றுக்கூடு
(தோட்டமும் துப்பாக்கியும் – 14)

சி ரூசா பக்கமிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கணவர் பால்மரம் சீவியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் லயத்து வீட்டை விட்டு நகராத குடும்பம். மூத்த மகன் இப்போது ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் கரும்பு விளையும் பகுதியில் வேலை செய்கிறான். அங்கேயும் காட்டுப்பன்றித் தொல்லை. முறையாக உரிமம் எடுத்து லீவர் துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறான். இப்போது சுட்டு முடித்த தோட்டாவின் கூட்டை எடுத்து, புது வெடிமருந்து போட்டு, மறுபடி தோட்டாவாக்கும் வேலையைப் பழகத் தொடங்கியிருக்கிறானாம். “கை போகிற வேலையா ஐயா? போலீஸ் பிடிக்காதா?” என்று கேட்கிறார் அந்த அம்மா.

நியாயமான பயம்தான் அம்மா. போலீஸ் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

நம் மலேசியாவில் இந்த வேலையைத் தொடவே கூடாது. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் கேட்பதுபோலவே தோட்டாவுக்கும் கேட்கிறது. அனுமதி இல்லாமல் தோட்டா தயாரிப்பது தனிக் குற்றம். பன்றி விரட்ட உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவரும் தோட்டாவைக் கடையில் வாங்க வேண்டுமே தவிர, வீட்டில் நிரப்ப முடியாது. இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்பது நம் தோட்டத்து மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1948 ஜூனில் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மலாயாவில் அவசரகாலம் பிறந்தபோது, உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று விதி வந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் வைத்திருந்தார் என்பதுதான் அவர்மேல் சாட்டிய குற்றம். இந்தியப் பிரதமர் நேருவின் அரசு தலையிட்டும் பலன் இல்லை.

அதே காலத்தில் ஜொகூரில் சாம்பசிவம் என்ற இன்னொரு தமிழர் பிடிபட்டார். ஒரு கைத்துப்பாக்கி, பத்துத் தோட்டா. இரண்டுக்கும் தனித்தனிக் குற்றச்சாட்டு. தோட்டா வைத்திருந்த குற்றத்திலிருந்து முதல் விசாரணையிலேயே விடுதலை கிடைத்தது. துப்பாக்கிக்காக மட்டும் மறுவிசாரணை நடத்தித் தூக்குத் தண்டனை கொடுத்தார்கள். வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தோட்டா விஷயத்தில் கிடைத்த விடுதலை முடிந்த முடிவு. அந்தத் தோட்டாவும் அவரிடம் இருந்தது என்று சொல்கிற வாக்குமூலத்தை வைத்தே அடுத்த விசாரணையில் அவரைச் சாய்க்கப் பார்த்தது தவறு என்று சொல்லி, 1950-இல் தண்டனையை ரத்து செய்தார்கள். காமன்வெல்த் நாடுகளின் நீதிமன்றங்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. ஒருவர் உயிர் ஆறு தோட்டாவோடு போனது. இன்னொருவர் உயிர் பத்துத் தோட்டாவால் மீண்டது. தோட்டாவை நம் நாட்டில் யாரும் சின்னப் பொருளாக எண்ணிவிடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். உங்கள் மகன் ஊருக்கு வரும்போது நினைவுப் பொருளாகக்கூட ஒரு வெற்றுக்கூட்டைப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். சாவிக்கொத்தில் தொங்கவிட்ட தோட்டாவும் விமான நிலைய ஸ்கேனரில் தோட்டாவாகத்தான் தெரியும்.

ஆஸ்திரேலியா வேறு. 1996-இல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, தானாகக் குண்டேற்றும் துப்பாக்கிகளைச் சாதாரண மக்கள் கையிலிருந்து அரசு திரும்ப வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் கையால் இயக்க வேண்டிய ரைபிளுக்குத் தக்க காரணம் காட்டினால் உரிமம் உண்டு. லீவர் ரைபிள் அந்த வகையில் சேர்ந்தது. உரிமம் உள்ளவர் தம் தேவைக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ளவும் அங்கே வழி இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். மகன் தன் மாநிலத்து விதியைப் படித்திருக்கிறானா என்று மட்டும் கேளுங்கள்.

இனி கை போகுமா என்ற கேள்வி. அதற்குத் தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கிராமத்து நாட்டுத் துப்பாக்கியில் மருந்தைக் குழலின் வாய்வழியாகக் கொட்டி, ரவையைப் போட்டு, குச்சியால் இடித்துக் கெட்டிப்பார்கள். பின்னால் ஒரு கேப்பு வைத்துத் தட்டினால் வெடிக்கும். தோட்டா என்பது இந்த எல்லாவற்றையும் ஒரே பித்தளைக் கூட்டுக்குள் அடக்கியது. கூடு, அதன் அடியில் கேப்பின் வேலையைச் செய்யும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டால் மருந்து தீர்ந்துபோகும், குண்டு போய்விடும், பிரைமர் செத்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கலந்த பித்தளை அது. வெடிக்கும் நொடியில் விரிந்து, துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, புகை பின்னால் சுடுபவர் முகத்துக்கு வராமல் அடைக்கும். அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கிச் சுவரை விடும். தோட்டாவில் விலை கூடிய பாகமும் அதுதான். செலவு மிச்சப்படுத்த நினைப்பவர் அந்தக் கூட்டைக் குப்பையில் போட மனம் வராமல்தான் இந்த வேலைக்கு வருகிறார்.

சிலர் வேறு வழியில்லாமல் வருகிறார்கள். இங்கே கென்னத் ஆண்டர்சனைச் சொல்லியாக வேண்டும். 1910-இல் பிறந்து 1974-இல் பெங்களூரில் மறைந்த அவர், கன்னடமும் தமிழும் பேசிக்கொண்டு ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அலைந்தவர். அன்றைய இந்தியாவில் வெள்ளைக்கார வேட்டைக்காரர் பலர் விலையுயர்ந்த இங்கிலாந்து இரட்டைக்குழல் ரைபிளோடு போனபோது, இவர் கையில் இருந்தது அமெரிக்க லீவர் ரைபிள்: வின்செஸ்டர் 1895, .405 அளவு. மரத்தில் கட்டிய பரணிலும் ஆற்று மணலிலும் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த கதைகளில் அந்த ரைபிள் ஒரு பாத்திரமாகவே வரும். அமெரிக்க அதிபராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனதும் இதே வகைதான்.

அந்த ரைபிள் உற்பத்தி 1930களில் நின்றது. தோட்டா உற்பத்தியும் 1950களின் நடுவில் நின்றது. தோட்டா இல்லாத ரைபிள் வெறும் இரும்புத் தடி. 2000களின் தொடக்கத்தில் .405 தோட்டா மறுபடி கடைக்கு வரும்வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு, உலகம் முழுக்க அந்த ரைபிளை உயிரோடு வைத்திருந்தவர்கள் வீட்டு மேசையில் தோட்டா நிரப்பியவர்களே. சரியான கூடு கிடைக்காமல், அடிப்பாகம் ஒத்துப்போகிற, ஆனால் நீளம் சற்றுக் குறைந்த .30-40 கிராக் கூட்டைத் திருத்திப் பயன்படுத்தியவர்களும் உண்டு. ஒரு கருவியைச் சாகவிடாமல் காப்பாற்றிய அந்தப் பொறுமைமேல் எனக்கு மதிப்பு அதிகம்.

லீவர் ரைபிளுக்கென்று சில தனிக் கவனங்கள் இருக்கின்றன. மகன் படிக்கும் பொதுவான புத்தகத்தில் இவை ஓரமாகத்தான் சொல்லப்பட்டிருக்கும்.

பெரும்பாலான லீவர் ரைபிள்களில், வின்செஸ்டர் 1894 போல, குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் ஓடும். தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ள தோட்டாவின் மூக்கு, முன்னால் உள்ளதன் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்து, சுடும் அதிர்ச்சியில் அந்தப் பிரைமரைக் குத்திவிட்டால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். ஆகவே இந்த ரைபிளுக்குத் தட்டை மூக்குக் குண்டு, அல்லது இதற்கென்றே செய்த மென்முனைக் குண்டு மட்டும்தான். ஆண்டர்சனின் 1895 இதற்கு விலக்கு. அதில் தோட்டாக்கள் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், கூர்மூக்கால் ஆபத்தில்லை. பழைய பிரைமரை எடுத்துப் புதியதை அழுத்தும்போது, அது கூட்டின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ இம்மி கீழாகவோ உட்கார வேண்டும் என்பதும் குழாய் ரைபிளில் இரட்டிப்பு முக்கியம். விரல் நுனியால் தடவிப் பார்த்தாலே மேடு தெரியும்.

அடுத்தது, குழாய்க்குள் இருக்கும் வில்லும் சுடும் அதிர்ச்சியும் சேர்ந்து குண்டைக் கூட்டுக்குள் தள்ளப் பார்க்கும். உள்ளே போய்விட்டால் அழுத்தம் எகிறும். அதனால் குண்டின் இடுப்பில் உள்ள வரிப்பள்ளத்தில் கூட்டின் வாயை நெருக்கி இறுக்க வேண்டும். எல்லாக் கூடும் ஒரே நீளமாக இருந்தால்தான் இந்த நெருக்கல் ஒரே சீராக விழும். நீண்டவற்றைச் சீவி அளவுக்குக் கொண்டுவருவது அலுப்பான வேலை. அதைத் தாண்டிக் குதித்தவர் தோட்டா ரைபிளுக்குள் சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பழைய லீவர் ரைபிள்களில் தோட்டாவைத் தாங்கும் இரும்பு பின்புறத்தில் பூட்டுகிறது. சுடும்போது இம்மியளவு நெகிழ்ந்துகொடுக்கும். அந்த நெகிழ்வில் கூடும் இழுபடும். திரும்பத் திரும்ப நிரப்பினால் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து, ஒரு நாள் கூடு இரண்டாக முறியும். இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, சுவரோடு சேர்த்து அடியிலிருந்து மேலே இழுக்க வேண்டும். உள்ளே பள்ளம் விழுந்திருந்தால் நுனி அங்கே ‘டக்’கென்று மாட்டும். வெளியே அதே இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரியலாம். அப்படிப்பட்ட கூட்டை நசுக்கிப் போட்டுவிட வேண்டும். “இன்னும் ஒரு தடவை” என்ற எண்ணமே கூடாது.

மருந்து விஷயத்தில் அம்மாவின் பயத்தை நான் முழுவதும் பகிர்ந்துகொள்கிறேன். துப்பாக்கி மருந்தில் வேகமாக எரிவது, மெல்ல எரிவது என்று பல வகை. பார்வைக்கு உப்பும் சர்க்கரையும் போல ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. கைத்துப்பாக்கிக்கான வேக மருந்தை ரைபிள் கூட்டில் போட்டால் ரைபிள் சிதறும். அதனால் மேசையில் எப்போதும் ஒரே ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சம் அதே டப்பாவுக்கே திரும்ப வேண்டும், வேறு பாட்டிலுக்கு மாற்றக் கூடாது. அளவைக் கிரெயினில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். அவ்வளவு நுண்ணிய கணக்கு. மருந்து தயாரிப்பவர் வெளியிடும் கையேட்டில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். புதியவர் தொடக்க அளவில் தொடங்கி அங்கேயே நிற்கலாம். பன்றிக்கு அது போதும். நண்பர் சொன்ன அளவு, கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்ன அளவு எதுவும் வேண்டாம்.

பெரிய விபத்துகள் பல நிகழ்வது இரண்டு மறதியால். ஒன்று, ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து கொட்டுவது. மற்றது, கொட்டாமலே விடுவது. இரண்டாவது பாதகமில்லாததுபோலத் தோன்றும், உண்மையில் அதுதான் அதிகம் ஏமாற்றும். மருந்தில்லாத தோட்டாவில் பிரைமரின் சிறு வேகம் மட்டும் குண்டைத் தள்ளி, குழலின் நடுவில் சிக்கவைத்துவிடும். சுடுபவர் அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டால் அது சிக்கிய குண்டில் மோதிக் குழல் வெடிக்கும். இந்த இரண்டுக்கும் ஒரே தீர்வுதான். நிரப்பிய கூடுகளைத் துளையிட்ட பலகையில் நிற்கவைத்து, குண்டு பொருத்துவதற்கு முன், டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மருந்து ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். தொலைபேசி அடித்து எழுந்து போனால், திரும்பி வந்து முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

மகனிடம் இதையும் சொல்லுங்கள். முதல் தோட்டாவில் பிரைமரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். வெறும் கூட்டில் குண்டைப் பொருத்தி, வாயை நெருக்கி, அதை ரைபிளில் ஏற்றி லீவரை நாலைந்து தடவை இயக்கிப் பார்க்கட்டும். வழுக்கிக்கொண்டு உள்ளே போய், வெளியே வந்து விழ வேண்டும். குண்டு உள்ளே நகர்ந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கட்டும். அது சரியான பிறகுதான் மருந்து டப்பாவைத் திறக்க வேண்டும். கண்ணாடி கட்டாயம். பிரைமரில் ஈயம் உண்டு, அதனால் கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பிரைமர் பூட்டிய அலமாரியில், அது வந்த பெட்டியிலேயே இருக்க வேண்டும். செய்த ஒவ்வொரு கட்டுக்கும் தேதி, மருந்தின் பெயர், அளவு, கூடு எத்தனையாவது தடவை நிரப்பப்பட்டது என்று நோட்டில் எழுதி, அதே விவரத்தைப் பெட்டியிலும் ஒட்ட வேண்டும்.

சுடும் இடத்தில் எப்போதாவது சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து ‘புஸ்’ என்று கேட்டால், அல்லது தோளில் உதை விழாவிட்டால், விரல் விசையை விட்டு விலக வேண்டும். முகம் தூரத்தில், குழல் பாதுகாப்பான திசையில். சற்றுப் பொறுத்து லீவரை இறக்கி, உள்ளே இருக்கும் தோட்டாவையும் குழாயில் உள்ள மற்றவற்றையும் முழுவதும் வெளியே எடுத்த பிறகு, பின்பக்கமாக விளக்கு வைத்துக் குழலுக்குள் பார்க்க வேண்டும். வெளிச்சம் மறுபக்கம் வராவிட்டால் அன்றைய சுடுதல் அங்கேயே முடிந்தது. ரைபிளை உறையில் போட்டுத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

(தொடரும்)