சாக்ஸபோனுக்குப் பின்னால் பியானோவா, கிட்டாரா? ஜாஸ் கலைஞர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

சன்னி ரோலின்ஸ் 1959-ல் மேடையை விட்டு விலகியபோது அவருக்கு வயது 28. அமெரிக்காவின் முன்னணி டெனர் சாக்ஸபோன் கலைஞர்களில் ஒருவர். பேரும் புகழும் இருந்தும், தன் வாசிப்பு தனக்கே திருப்தி தரவில்லை என்று ஒதுங்கினார். அக்கம்பக்கத்தினருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் நின்று, மணிக்கணக்கில் தனியாகப் பயிற்சி செய்தார்.

இரண்டு வருஷத்துக்கும் மேல் கழித்துத் திரும்பி வந்தவர், 1962-ல் 'தி பிரிட்ஜ்' ஆல்பத்தை வெளியிட்டார். அவருக்குப் பின்னால் பேஸ் இருந்தது, டிரம்ஸ் இருந்தது, பியானோ மட்டும் இல்லை. அந்த இடத்தில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தவர் ஜிம் ஹால்.

இத்தனைக்கும் ரோலின்ஸுக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்த 1956-ன் 'சாக்ஸபோன் கொலாசஸ்' ஆல்பத்தில் டாமி ஃபிளானகனின் பியானோ இருந்தது. அப்புறம் ஏன் இந்த மாற்றம்? பின்னால் இருக்கும் கருவி மாறினால் முன்னால் நிற்பவருக்கு என்ன ஆகும்?

பின்னால் இருப்பவருக்கு என்ன வேலை?

சாக்ஸபோனில் வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு நோட்தான் வாசிக்க முடியும். பல நோட்கள் சேர்ந்து ஒலிக்கும் 'கார்டு'களை வேறு ஒருவர்தான் தர வேண்டும். ஜாஸில் அந்த வேலைக்குப் பெயர் 'கம்பிங்'.

எழுதிவைத்ததை அப்படியே வாசிக்கிற வேலை இல்லை இது. எந்த இடத்தில் எந்த கார்டு என்பது பாட்டிலேயே இருக்கும். ஆனால் அதை எப்போது போடுவது, எத்தனை நோட் சேர்ப்பது, எவ்வளவு சத்தமாகப் போடுவது எல்லாம் அந்த நொடியில் எடுக்கிற முடிவு. முன்னால் இருப்பவரும் அந்த நொடியில்தான் கற்பனை செய்து வாசிக்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் யோசிப்பதால் மோதலுக்கும் வாய்ப்பு உண்டு.

ஒரு சின்ன உதாரணம். 'சி செவன்த்' என்ற கார்டில் சி, இ, ஜி, பி ஃபிளாட் என்று நாலு நோட். இதில் இ, பி ஃபிளாட் ரெண்டும் இருந்தாலே கார்டின் குணம் தெரிந்துவிடும். அடித்தளமான சி-யை பேஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். இப்போது பியானோ கலைஞர் கொஞ்சம் நிறம் சேர்க்கலாம் என்று டி ஃபிளாட்டையும் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே நொடியில் சாக்ஸபோன் கலைஞர் டி-யை நீட்டிப் பிடித்தால்? ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நோட். உரசும்.

அந்த டி ஃபிளாட்டைப் போடாமல் விட்டிருந்தால் ரெண்டு வழியும் திறந்தே இருந்திருக்கும். அதாவது, பின்னால் இருப்பவர் கூடுதலாக வைக்கிற ஒவ்வொரு நோட்டும் முன்னால் இருப்பவரின் ஒரு வழியைக் கொஞ்சம் நெருக்குகிறது.

பியானோவின் பலமும் சிக்கலும்

பியானோவில் 88 கட்டைகள். பத்து விரலுக்கும் வேலை தரலாம். பெடலை மிதித்தால் ஒலி நீண்டு நிற்கும். இடது கை கீழே அஸ்திவாரம் போட, வலது கை மேலே அலங்காரம் செய்யலாம். நீளமான, ஆவேசமான வாசிப்பைத் தாங்கிப் பிடிக்க இதைவிட வலுவான துணை கிடைப்பது கஷ்டம்.

1964 டிசம்பரில் ஜான் கோல்ட்ரேன் பதிவு செய்த 'எ லவ் சுப்ரீம்' இதற்குச் சரியான சாட்சி. மெக்காய் டைனரின் இடது கை கீழே இடி மாதிரி இறங்க, அதன்மேல் ஏறி நின்று கோல்ட்ரேன் வாசிக்கிறார்.

சிக்கலும் இதே பலத்தில்தான் இருக்கிறது. பியானோவால் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் சாக்ஸபோனுக்குச் சொல்ல என்ன மிச்சம்? ரோலின்ஸ் 1957-லேயே 'வே அவுட் வெஸ்ட்' ஆல்பத்தில் பியானோவை எடுத்துவிட்டு, பேஸ், டிரம்ஸ் மட்டும் வைத்து வாசித்துப் பார்த்தவர். கார்டு போட ஆளே இல்லாத அந்தச் சுதந்திரத்தில், ஹார்மனியின் பாரம் முழுக்க அவருடைய ஒற்றை வரியிலும் பேஸிலும்தான் இருந்தது.

கிட்டார் எங்கே மாறுபடுகிறது?

கிட்டாரில் ஆறு கம்பிகள். அழுத்திப் பிடிக்கப் பெரும்பாலும் நாலு விரல். மீட்டிய ஒலி சீக்கிரமே தேய்ந்து போகும். இந்தக் குறைகள்தான் இங்கே வசதி. நினைத்தாலும் பியானோ அளவுக்கு இடத்தை அடைக்க முடியாது. ஒலி தேய்கிற இடைவெளியில் சாக்ஸபோனுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

ஆனால் கிட்டாரின் நடுப்பகுதியும் டெனர் சாக்ஸபோனின் ஒலியும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் வரும். அங்கே அடர்த்தியாக வாசித்தால் ரெண்டும் கலங்கிப்போகும். அதனால் நல்ல கிட்டார் கலைஞர்கள் இளைத்த கார்டுகளையே எடுப்பார்கள். ஜிம் ஹாலின் பாணியே அதுதான். ஆம்ப்ளிஃபையர் சத்தம் குறைவு. பல இடங்களில் ரெண்டு மூன்று நோட்தான். தேவையில்லை என்றால் கையை எடுத்துவிடுவார். பியானோவின் பாரமும் இல்லை, 1957-ன் தனிமையும் இல்லை. ரோலின்ஸுக்கு ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழி கிடைத்தது.

ரெண்டும் சேர்ந்து இருந்தால்?

இருக்கலாம், யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால். கவுண்ட் பேஸியின் ஆர்கெஸ்ட்ராவில் 1937 முதல் சுமார் 50 ஆண்டுகள் கிட்டார் வாசித்தவர் ஃபிரெடி கிரீன். ஆம்ப்ளிஃபையர் இல்லாமல், ஒவ்வொரு அடிக்கும் ஒரு மீட்டல், அவ்வளவுதான். பியானோவில் இருந்த பேஸியும் சிக்கனத்துக்குப் பேர் போனவர். இருவரும் அடக்கி வாசித்ததால்தான் லெஸ்டர் யங்கின் டெனர் சாக்ஸபோன் அவர்கள் மேல் மிதந்து போக முடிந்தது.

அப்போ கிட்டார்தான் சிறந்ததா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. டைனர் போட்ட கார்டுகளை உற்றுக் கேட்டால், பல இடங்களில் அவை மேஜரா மைனரா என்று தீர்த்துச் சொல்வதில்லை. அந்த முடிவைக் கோல்ட்ரேனிடம் விட்டுவிடுகின்றன. கோல்ட்ரேன் உச்சத்துக்குப் போகும்போது டைனர் வாசிப்பதையே நிறுத்திவிடுவதும் உண்டு. பியானோவாலும் இடம் விட முடியும். கிட்டாரில் அந்த இடைவெளி பாதி தானாகவே வந்துவிடுகிறது; பியானோவில் வாசிப்பவர் மனசு வைத்து விட வேண்டும். ரோலின்ஸும் பியானோவை ஒரேயடியாகக் கைவிடவில்லை. 1964-ன் 'நவ்ஸ் தி டைம்' ஆல்பத்தில் அவரோடு பியானோ வாசித்தவர் ஹெர்பி ஹான்காக்.

நீங்களே கேட்டுப் பாருங்க

வித்தியாசம் புரிய ரெண்டே டிராக் போதும், ஹெட்ஃபோன் இருந்தால் இன்னும் நல்லது. முதலில் டேவ் புரூபெக் குவார்டெட்டின் 'டேக் ஃபைவ்' (1959). ஆல்டோ சாக்ஸபோன் பால் டெஸ்மண்ட். பாட்டும் அவர் எழுதியதுதான். புரூபெக்கின் பியானோ ஒரே ஐந்தடித் தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து, அதே டெஸ்மண்ட் 1963-ல் அதன் தொடர்ச்சியாக எழுதிய 'டேக் டென்'. இங்கே பின்னால் ஜிம் ஹாலின் கிட்டார். முதல் தடவை சாக்ஸபோனை மட்டும் கேளுங்க. ரெண்டாவது தடவை சாக்ஸபோனை விட்டுவிட்டு, பின்னால் இருப்பவர் எப்போதெல்லாம் சும்மா இருக்கிறார் என்று மட்டும் எண்ணிப் பாருங்க.