மலை மறைத்த விமானங்கள்

ஊவா மலைச்சாரலில் வாழ்வோருக்கு மூடுபனி புதிதன்று. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நமுனுகுலைச் சிகரம் காலையிலே ஒரு கணம் முகங்காட்டி, மறுகணம் மறைந்துவிடும். பசறையிலும் மடுல்சீமையிலும் லுணுகலையிலும் கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்கள், அடுத்த நிரையில் நிற்பவளைக் கண்ணால் காணாது குரலால் அறியும் நாட்களும் உண்டு. நிலத்தில் நிற்பவருக்கே இவ்வாறாயின், மேகத்தினூடே மணிக்கு இருநூறு மைல் வேகத்தில் பறந்து வரும் விமானியின் நிலை என்னாகும்? அவன் முன்னே விரிந்திருப்பது வெண்மை ஒன்றே. அவ்வெண்மைக்குப் பின்னால் வானமும் இருக்கலாம், மலையும் இருக்கலாம்.

மலைக்கும் விமானத்துக்கும் உள்ள இந்தப் பகையை நம் நாடு கண்டிருக்கிறது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசிய யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு மக்காவை நோக்கிச் சென்ற டச்சு விமானம் ஒன்று, கொழும்பில் இறங்குமுன் மஸ்கெலியாப் பக்கத்துச் சப்த கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். சமாதான காலத்தில், வானொலியும் வழிகாட்டும் கருவிகளும் பெருகிய பின்னர் நிகழ்ந்தது இது. இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது ஆசிய மலைகளிலே மறைந்தனவற்றைக் கணக்கிடப் புகுந்தால் மனம் கலங்கும்.

போர் ஊவாவுக்கு வந்த விதம்

1942 ஏப்ரில் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. ஊவாவுக்குப் போர் வேறு வடிவில் வந்தது. தியத்தலாவை முகாமில் ஜெர்மானியர் சிறைவைக்கப்பட்டு, 1942இல் இந்தியாவின் தேராதூனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கல்கிசையிலிருந்த பரி. தோமையார் கல்லூரியின் கட்டடங்களைப் படையினர் எடுத்துக்கொண்டமையால், வெலிமடையை அடுத்த குருத்தலாவையில் அதன் கிளை 1942இல் தோன்றியது. பாடசாலைகள் மலையேறி வந்த காலம் அது.

அதே ஏப்ரில் 9ஆம் திகதி, கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து எழுந்த ஒன்பது பிளென்ஹீம் குண்டுவீச்சு விமானங்கள், நகுமோ தளபதியின் கப்பற்படையைத் தாக்கின. அவற்றின் குண்டுகளில் ஒன்றேனும் இலக்கிற்படவில்லை. ஒன்பதில் ஐந்து திரும்பி வரவில்லை. பின்னாளில் நான்கு இயந்திரங்கொண்ட லிபரேட்டர் விமானங்கள் இங்கு வந்து சேர்ந்தன. சிகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியா ஆகிய தளங்களில் இருந்த 160ஆம் படைப்பிரிவின் விமானங்கள், 1945 மார்ச்சில் சிங்கப்பூர்க் கடல்வழியிலே கண்ணி இட்டுத் திரும்பின. போய்வந்த தூரம் 3,400 மைலுக்கு மேல். வானில் இருந்த நேரம் இருபது மணித்தியாலங்களுக்கு மேல்.

இவ்வாறு சென்று மீளாதவரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியிலுள்ள நினைவுச் சின்னத்திலே செதுக்கப்பட்டிருக்கின்றன. புதைகுழி அறியப்படாதவர்களுக்கென்றே எழுப்பப்பட்ட சின்னம் அது; அதிலுள்ள பெயர்கள் 24,000க்கு மேற்பட்டவை. கல்லிலே பெயர் உண்டு. உடல் எங்கே என்ற கேள்விக்குக் கல் விடை கூறுவதில்லை.

வேடர் காட்டிய வழி

விடை கிடைத்த ஒரு வரலாற்றை இங்கே கூறுதல் தகும். 1944 ஜனவரி 25ஆம் திகதி, சீனத்தின் குன்மிங் நகரிலிருந்து அசாமின் சாபுவா தளத்துக்குப் புறப்பட்ட அமெரிக்க லிபரேட்டர் ஒன்று வந்து சேரவில்லை. விமானத்துக்கு அதன் வீரர் இட்ட விளையாட்டுப் பெயர் ‘ஹாட் அஸ் ஹெல்’. அதிலிருந்தோர் எண்மர். இமயத்தின் கிழக்குக் கோடியைக் கடக்கும் அந்த வான்வழியை விமானிகள் ‘ஹம்ப்’, அதாவது திமில், என்று அழைத்தனர். யுத்தம் முடிவதற்குள் ஏறத்தாழ 600 விமானங்கள் அவ்வழியிலே அழிந்தன.

அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2006இல், கிளேட்டன் கூல்ஸ் என்னும் அமெரிக்கர் அருணாசலப் பிரதேசத்தின் டம்ரோ கிராமத்தை அடுத்த மலையிலே அதன் சிதைவைக் கண்டார். கண்டார் என்று சொல்லும்போது ஓர் உண்மையை மறக்கலாகாது. அவரை அங்கு அழைத்துச் சென்றவர்கள் அம்மலையில் வாழும் ஆதி இனத்து மக்கள். வேட்டைக்குச் சென்ற அவர்தம் முன்னோர் அவ்வுலோகக் குவியலை என்றோ அறிந்திருந்தனர். அறிந்ததை எவரும் கேட்கவில்லை. ஆகவே அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இயந்திரத்தின் இலக்கமும் உடற்பகுதியில் பொறித்த எண்ணும் பழைய படைப்பதிவேடுகளோடு ஒப்பிடப்பட்டன. ஒரு விமானத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் போன்றது அந்த எண். அதைக்கொண்டு விமானத்தின் பெயர், புறப்பட்ட நாள், அதிலிருந்தோர் யாவும் துலங்கும். ஆயினும் மீட்பு உடனே நடைபெறவில்லை. எல்லைப்புற மாநிலமாகையால் இரு அரசாங்கங்களின் இணக்கம் வேண்டியிருந்தது. செங்குத்தான சரிவும் மழையும் தடுத்தன. 2015இல் அமெரிக்க மீட்புக் குழு அகழ்ந்தெடுத்த எச்சங்கள் 2016 ஏப்ரிலில் தாயகம் சென்றன. உறவினரின் மரபணுவோடு ஒப்பிட்டதில், அவை லெப்டினன்ட் றொபர்ட் ஒக்ஸ்போர்ட்டுக்கு உரியன என்பது தெளிவாயிற்று. ஜோர்ஜியா மாநிலத்தின் கொன்கோர்ட் என்னும் சிற்றூரிலே, தம் குடும்பத்தாரின் அருகில், 2017 ஜூனில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது இளைஞர். திரும்பியபோது அவருக்காகக் காத்திருந்த தலைமுறை மறைந்துவிட்டது.

இரும்புக் குவியலின் மறுபிறப்பு

மீட்பு என்பது எலும்பைத் தேடுவது மட்டுமன்று. யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷார் கான்பூரில் ஏராளமான லிபரேட்டர்களை விட்டுச் சென்றனர். மீண்டும் பறக்கலாகாதென்று அவற்றைச் சிதைத்தும், இயந்திரங்களில் மணல் இட்டும் பாழாக்கினர். பெங்களூரின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் அவற்றை ஆராய்ந்து, ஒன்றின் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்தி, நாற்பதளவான விமானங்களைப் பெங்களூருக்குப் பறக்கவைத்தனர். ஜம்ஷெட் முன்ஷி என்னும் விமானி அவற்றைக் கொண்டுசென்ற துணிவு இந்திய விமான வரலாற்றில் நிலைத்தது. 1948 நவம்பரில் அவற்றைக்கொண்டு இந்திய விமானப்படையின் ஐந்தாம் பிரிவு அமைந்தது. 1968வரை அவை சேவையில் இருந்தன. யுத்தத்தின் இறுதியில் கொக்கோஸ் தீவிலிருந்து பறந்த படைப்பிரிவின் நிறத்தைத் தாங்கிய ஒரு லிபரேட்டரை 1974இல் இந்தியா பிரிட்டனுக்கு வழங்கியது. இன்று உலக அரும்பொருட்சாலைகளில் எஞ்சியிருக்கும் லிபரேட்டர்களுட் பல, கான்பூரின் குப்பைமேட்டிலிருந்து எழுந்தவையே.

நம் பங்கு

இவ்வரலாறுகளை ஊவா ஆசிரியரும் மாணவரும் படிப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. விமானச் சிதைவு கிடைக்கும்போது முதலில் வருவது ஆய்வாளன் அல்லன்; பழைய உலோகம் வாங்குவோன். அலுமினியத் தகடு சட்டியாகிறது, கத்திப்பிடியாகிறது. எண் பொறித்த தகடும் அதனோடு உருகிப்போகிறது. எண் போனால் பெயர் போயிற்று. பெயர் போனால், எங்கோ ஒரு குடும்பத்தின் கேள்விக்கு விடையும் போயிற்று. இதனாலேயே பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டம், இராணுவ விமானச் சிதைவுகளை அனுமதியின்றித் தோண்டுவதைக் குற்றமாக்கியது.

நம் தோட்டங்களில் ஆதி மக்களின் நிலையில் இருப்பவர்கள் நம் முதியவர்களே. காடு வெட்டியவர், விறகுக்கு மலையேறியவர், லயத்தின் திண்ணையில் அமர்ந்து தகப்பன் சொன்ன கதையைப் பேரனுக்குச் சொல்பவர் ஆகியோரின் அறிவு தோட்டத்துச் செக்ரோலில் ஏறியதில்லை. செக்ரோல் அவர்களின் நாட்சம்பளத்தைக் குறித்தது, நினைவைக் குறிக்கவில்லை. யுத்தகாலத்தை நேரிற் கண்டவர்கள் இன்று தொண்ணூறை நெருங்கியோ கடந்தோ இருக்கின்றனர்.

ஆகவே, பாடசாலைகள் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு மாணவர் முதியோரிடம் செல்லட்டும். எந்த ஆண்டு, எந்த மலை, எந்தத் திசை, கண்டவர் யார், கேட்டுச் சொன்னவர் யார் என்று பிரித்து எழுதட்டும். கேள்விப்பட்டதைக் கண்டதாக எழுதவேண்டாம். ஏதேனும் உலோகம் இருப்பதாக அறிந்தால் தொடாது, அளந்து, படமெடுத்து அதிகாரிகளுக்கு அறிவிக்கட்டும். வெடியாத குண்டும் அதனிடையே கிடக்கலாம். விமானம் ஒன்றும் அகப்படாது போனாலும் அக்கொப்பி வீணாகாது. போர்க்காலத்து அரிசிப் பங்கீடும், இருட்டடிப்பும், மலையேறி வந்த பள்ளிக்கூடங்களும், அந்நாளில் தோட்டத்தில் வாழ்ந்தோர் பட்ட பாடும் அதில் இருக்கும். அவர்களுக்குக் கிராஞ்சியிலே கல் இல்லை. எழுதப்படும் கொப்பியே கல்.