மாத்திரை மட்டும் போதாது, மலத்தையும் பாருங்க

"நாய் நல்லாத்தானே சாப்பிடுது, எதுக்கு டெஸ்ட்?" என்று ஆவடிப் பக்கம் அடிக்கடி கேட்கிறேன். கொக்கிப்புழு இருக்கும் நாயும் நல்லாவே சாப்பிடும். மலத்தோடு விழும் முட்டை, மழை ஈரம் பட்ட மண்ணில் சுமார் ஒரு வாரத்தில் தொற்றும் லார்வாவாகி, வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலைத் துளைக்கும். 1911இல் இலங்கையின் பெயரைப் பெற்ற 'ஆன்கிலோஸ்டோமா சிலானிகம்' மனிதக் குடலிலும் வளரும்.

பரிசோதனை எளிது. உப்பு இனிமேல் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த தண்ணீரில் மலத்தைக் கலக்கினால் முட்டைகள் மேலே மிதக்கும், மைக்ராஸ்கோப்பில் தெரிந்துவிடும். நாடாப்புழு மட்டும் இதில் தப்பிவிடலாம். ஆசனவாய் ஓரம் அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் அதுதான். தெள்ளுப்பூச்சியையும் சேர்த்து ஒழிக்கணும்.

வளர்ந்த நாய்க்கு வருஷத்துக்கு 2 தடவையாவது, குட்டிக்கு முதல் வருஷம் 4 தடவையாவது, அன்றைய மலத்தை மூடிய டப்பாவில் டாக்டரிடம் கொடுங்க. லார்வா தயாராவதற்குள், அன்றன்றே மலத்தை அள்ளிவிடுங்க.