கூரையில் வெயிலும் முற்றத்தில் மின்சாரக் காரும்



வெயிலுக்கு எவரும் விலை கேட்பதில்லை. ஆதலால், வீட்டுக் கூரையிலே சூரிய மின்தகடுகளைப் பொருத்தி, முற்றத்திலே மின்சாரத்தால் ஓடும் மோட்டார் கார் ஒன்றை நிறுத்திவிட்டால், அன்றிலிருந்து பிரயாணச் செலவே ஒழிந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். தனியார் வாகனங்களை இறக்குமதி செய்வதற்கு இருந்த தடை 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நீங்கிய பின்னர், நம் நாட்டிலும் இப்படியான கணக்கைப் போட்டுப் பார்க்கும் குடும்பங்கள் பல. சேமிப்பையும் கடனையும் ஒருங்கே இடவேண்டிய முயற்சி இது. ஆகவே, இதிலுள்ள செலவுகள் யாவை, ஆபத்துகள் யாவை என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

முதலில் அளவைக் காண்போம். இலங்கை வெயிலில் ஒரு கிலோவாற்று வலுவுள்ள தகடுகள் நாளொன்றுக்குச் சுமார் 4 அலகு மின்சாரம் தரும். எனவே 5 கிலோவாற்றுக் கூரை நாளுக்கு 20 அலகும், மாதத்திற்கு 600 அலகும் தரும் எனக் கொள்ளலாம். சிறிய மின்சாரக் கார் ஒன்று, மின்னேற்றும்போது வீணாகும் பங்கையும் சேர்த்துப் பார்த்தால், அலகொன்றுக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர் ஓடும். நாள்தோறும் 40 கிலோமீற்றர் ஓடுபவருக்கு மாதம் 200 அலகு போதும். கூரை தருவதில் மூன்றிலொரு பங்குதான் அது. இவ்வளவில் கணக்கு இனிப்பாகவே இருக்கிறது.

ஆனால் சூரியன் உழைக்கும் நேரத்தில் கார் வீட்டில் இருப்பதில்லை. காலை ஏழு மணிக்கு உத்தியோகத்திற்குப் புறப்படும் கார் மாலை ஆறு மணிக்கு மீள்கிறது. கூரையோ காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையிலேதான் மிகுதியாக மின்சாரம் பெருக்குகிறது. பகலில் விளைந்ததை இரவுக்கு வைத்திருக்க வேண்டுமாயின் வீட்டிலே பெரிய பற்றரி வேண்டும். அதற்கு விலை அதிகம். தகடுகளின் ஆயுளில் பாதிக்கு முன்னரே அதை மாற்றவும் நேரலாம். ஆதலால் பெரும்பாலோர் பற்றரி வாங்குவதில்லை. பகலில் மின்சாரத்தை ஊர் மின்கம்பிக்குக் கொடுத்துவிட்டு, இரவிலே திரும்பப் பெறுகின்றனர். அஃதாவது, காரை ஓட்டுவது வெயிலே எனினும், அதன் செலவைத் தீர்மானிப்பது மின் வழங்குவோருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தமாகும்.

அந்த ஒப்பந்தத்தின் விலை காலத்துக்குக் காலம் மாறிவந்துள்ளது. 2016ஆம் ஆண்டு ‘சூரிய பல சங்கிராமய’ என்னும் திட்டம் தொடங்கியபோது, மேலதிகமாக வழங்கும் அலகொன்றுக்கு முதல் ஏழு ஆண்டுகளுக்கு 22 ரூபாவும், பின்னர் இருபதாம் ஆண்டு முடியும்வரை 15 ரூபா 50 சதமும் என விலை வகுக்கப்பட்டது. 2022இல் புதிதாகச் சேர்ந்த சிறிய கூரைகளுக்கு 37 ரூபா கிடைத்தது. 2024இல் அது 27 ரூபாவாயிற்று. 2025இல் 5 கிலோவாற்று வரையான கூரைக்கு 20 ரூபா 90 சதமாகக் குறைந்தது. 600 அலகையும் விற்பதாக வைத்துக்கொண்டால், 37 ரூபா ஒப்பந்தக்காரருக்கு மாதம் 22,200 ரூபா. 20 ரூபா 90 சத ஒப்பந்தக்காரருக்கு 12,540 ரூபா. கூரையும் ஒன்று, வெயிலும் ஒன்று. ஒப்பமிட்ட ஆண்டு மட்டுமே வேறு. ஆதலின், அயல்வீட்டார் கடனை இத்தனை ஆண்டில் தீர்த்துவிட்டார் என்ற செய்தியை நம்பி, நாமும் அவ்வாறே தீர்ப்போம் எனக் கடன்படுவது பெரும் தவறாகும்.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்கும். கார் குடிக்கும் மின்சாரம் இலவசமன்று. மிஞ்சும் அலகுகளுக்குப் பணம் பெறும் வீட்டில், காருக்குச் செல்லும் 200 அலகும் விற்கப்படாமற் போன 200 அலகாகும். 20 ரூபா 90 சத விலையில் அந்த இழப்பு மாதம் 4,180 ரூபா; 37 ரூபா விலையில் 7,400 ரூபா. பெற்றோலுக்குச் செலவிடுவதுடன் ஒப்பிடுகையில் இது சிறு தொகைதான். ஆயினும், கூரையின் வருமானத்தை முழுமையாக ஒருபுறம் எழுதி, காரின் ஓட்டத்தை இலவசமென்று மறுபுறம் எழுதினால், ஒரே அலகை இருமுறை எண்ணியவராவோம்.

விலை குறைவதன் காரணத்தையும் அறிந்துகொள்ளல் நன்று. நண்பகலில் எல்லாக் கூரைகளும் ஒரே வேளையில் மின்சாரம் தருகின்றன. தேவை உச்சமடைவதோ மாலை விளக்கேற்றும் வேளையில். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலும் இதே நிலை ஏற்பட்டு, 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் புதிய கூரைகளுக்குரிய கொள்வனவு விலை சுமார் முக்காற்பங்கு குறைக்கப்பட்டது. இங்கே, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, தேவை குறைந்த ஒரு ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உபநிலையத்தில் ஏற்பட்ட கோளாறினால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அவ்வேளை சூரிய மின்சாரம் பெரும் பங்கு வகித்தமையால், அதிர்ச்சியைத் தாங்கக்கூடிய பாரமான சுழல் இயந்திரங்கள் குறைவாகவே இயங்கின. அவ்வாண்டு புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. நிறுத்திவைத்த நாளுக்கு வருமானமில்லை. கடன் தவணைக்கோ விடுமுறையில்லை.

ஊரில் மின்சாரம் நின்றால், கூரை வைத்திருப்பவருக்கும் மின்சாரம் நிற்கும். கம்பியைத் திருத்த ஏறுபவரின் உயிரைக் காக்கும்பொருட்டு, நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கும் இன்வேட்டர் தானாகவே ஓய்ந்துவிடும். பற்றரியும் அதற்குரிய இணைப்பும் இல்லாத வீட்டில், கொளுத்தும் வெயிலிலும் கார் மின்னேற்றமின்றி நிற்கவேண்டியதே.

இனிக் கூரையின் நிலை. தகடு ஒன்று 25 கிலோகிராமுக்கு மேல் நிறையுள்ளதாகலாம். காற்றின் இழுப்பு வேறு. உக்கிய மரச்சட்டத்தின்மீது அதனை ஏற்றலாகாது. அஸ்பெஸ்டஸ் கூரையிற் கால்வைத்தால் அது உடையக்கூடும். துளையிட்டால் எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. கரையோர ஊர்களில் உப்புக்காற்று பிடிமானங்களை அரிக்கும். தென்னையோலையின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும், அதனுடன் தொடராக இணைந்தவற்றின் விளைச்சலும் குறையக்கூடும். தகடுகள் 25 ஆண்டு நிலைப்பினும், இன்வேட்டரை இடையில் ஒருமுறையேனும் மாற்றவேண்டிவரும். தளர்ந்த இணைப்பிலே நேரோட்டம் பொறியெழுப்பித் தீ மூட்டவுங் கூடும். ஆகவே தகுதியுள்ள மின்பொறியாளரின் சோதனையும், இடி மின்னலுக்குக் காப்பும், காப்புறுதியும் செலவுக் கணக்கிலே சேரவேண்டியவை.

காருக்கு மின்னேற்றும் முறையிலும் கவனம் வேண்டும். 30 அம்பியர் ஒற்றைக்கட்ட வீட்டு இணைப்பின் முழு வலுவும் 7 கிலோவாற்றுக்குச் சற்றுக் குறைவு. 7 கிலோவாற்று இழுக்கும் விரைவுக் கருவியை அதிற் பொருத்த முடியாது. பெரிய இணைப்புக்குத் தனிச்செலவுண்டு. 2 கிலோவாற்றளவில் மெதுவாக ஏற்றினால், சாதாரண ஓட்டத்திற்கு இரவில் நான்கு மணி நேரம் போதும். அதனையும் மாலை ஆறரை மணிக்கும் இரவு பத்தரை மணிக்கும் இடைப்பட்ட உச்சவேளையைத் தவிர்த்துச் செய்தல் நலம். கார் வீட்டில் நிற்கும் விடுமுறை நாட்களில், நண்பகலில் ஏற்றுதல் அதனினும் நலம்.

கூரைமேல் தகடேற்றுவதைத் தடுப்பதற்காக இவற்றைக் கூறவில்லை. ஒப்பமிடும் அன்றைய விலையை எழுத்திற் பெற்று, அவ்விலையிலேயே கடன் தீருமா என்று பாருங்கள். இன்வேட்டருக்கென மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். காரை அக்கணக்கில் இலாபமாக எழுதாது, செலவாகவே எழுதுங்கள். இவ்வளவுக்குப் பின்னும் கணக்கு நேராக வருமாயின், அந்தக் கூரை உங்கள் குடும்பத்திற்கு நெடுங்காலம் பயன்தரும்.