படத்தின் கீழே ஒரு வரி

ஆண்டு மலர் கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் புரட்டும் பக்கம் எது? ஆண்டறிக்கையா? கட்டுரைகளா? இரண்டும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் வகுப்புப் படம் உள்ள பக்கத்தைத்தான் தேடுவீர்கள். கூட்டத்தில் உங்கள் முகத்தைக் கண்டுபிடித்த மறுகணமே கண் கீழே இறங்கும். 'அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்', 'நிற்பவர்கள், முதல் வரிசை' என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் வரிகளில் உங்கள் பெயரைத் தேடும். பெயர் சரியாக இருந்தால் மகிழ்ச்சி. தலைப்பெழுத்து மாறியிருந்தாலோ, அடுத்து நிற்பவளின் பெயர் உங்களுக்கு வந்திருந்தாலோ அன்று முழுவதும் முகம் வாடிவிடும்.

அந்தப் பொடி எழுத்து வரிக்குப் படக்குறிப்பு என்று பெயர். அதை யாரும் இலக்கியமாக எண்ணுவதில்லை. ஆயினும் ஒரு வரியில் ஒரு மனிதரை அடையாளம் காட்டும் வேலையை அது செய்கிறது. ஒரு வரி, தவறினால் அழ வைக்கிறது. சரியாக அமைந்தால் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் பேசுகிறது. இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பில், பத்துப் பக்கக் கட்டுரைக்குப் பதிலாக, இத்தகைய சிறு வரிகளை எழுதும் பயிற்சியைச் செய்து பார்த்தோம். அதில் நாங்கள் கற்றவற்றை மற்ற மாணவியருக்கும் பெற்றோருக்கும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுருக்கம் நமக்குப் புதிதன்று

சுருங்கச் சொல்வது தமிழருக்குப் பழகிய கலை. திருக்குறளின் 1330 குறள்களில் ஒவ்வொன்றும் ஏழே சீர்களில் முடிகிறது. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் ஒரு பெண்ணின் மனம் முழுவதையும் காட்டிவிடுகின்றன. ஜப்பானியர் மூன்று வரியில் கவிதை எழுதும் முறையை வியந்து பாரதியார் 1916ஆம் ஆண்டிலேயே சுதேசமித்திரனில் ஒரு கட்டுரை எழுதினார்.

தனிமனிதர் ஒருவரின் வாழ்வை ஒரு வரியில் பொறிக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரும் பெருமையும் எழுதிய செய்தியைச் சங்க நூல்களில் படித்திருப்பீர்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவை கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டவை என்பது அறிஞர் கருத்து. அவற்றுள் ஒரு கல், கூடலூரில் ஆநிரை கவர நடந்த பூசலில் இறந்த அந்தவன் என்பவனுக்குரியது. சில சொற்கள்தாம் அதில் உள்ளன. ஊர் எது, நிகழ்ச்சி எது, ஆள் யார் என்னும் மூன்றும் அச்சொற்களில் அடங்கிவிட்டன. அவனுக்கு அரண்மனை இல்லை, காவியம் இல்லை. இருந்தும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் நாம் அவன் பெயரைச் சொல்கிறோம்.

நம் சிற்றாலயத்திலும் ஒரு குறிப்பு உண்டு. பாடுபட்ட சுரூபத்தின் தலைமாட்டில் நான்கு எழுத்துகள் கொண்ட பலகையை நாள்தோறும் காண்கிறோம். பெயர், ஊர், சாட்டப்பட்ட குற்றம் ஆகிய மூன்றையே அது கூறியது. எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மூன்று மொழிகளில் அது எழுதப்பட்டதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. அரசர் என்று எழுதாமல், அவ்வாறு தம்மைச் சொல்லிக்கொண்டவர் என எழுதும்படி தலைமைக் குருக்கள் கேட்டனர். பிலாத்து மாற்ற மறுத்துவிட்டான். ஒரு சொல்லைச் சேர்த்தால் பொருளே மாறிவிடும் என்பதை இரு தரப்பாரும் அறிந்திருந்தனர். குறிப்பு எழுதுபவர் முதலில் உணர வேண்டியதும் இதுவே.

ஆறு சொல் தன்வரலாறு

அமெரிக்காவில் லாரி ஸ்மித் என்பவர் நடத்திய 'ஸ்மித்' என்னும் இணைய இதழ், 2006ஆம் ஆண்டு வாசகரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது. உங்கள் வாழ்க்கைக் கதையை ஆறே சொற்களில் எழுதி அனுப்புங்கள் என்பதே அது. எழுத்தாளர்களோடு எளிய மக்களும் ஏராளமாக எழுதினர். 2008இல் அவற்றின் தொகுப்பு நூலாகவும் வந்தது. பின்னர்ப் பல நாடுகளின் வகுப்பறைகளுக்கு இப்பயிற்சி பரவியது.

இதற்குத் தூண்டுதலாக ஒரு கதையைச் சொல்வார்கள். எழுத்தாளர் ஹெமிங்வே ஒரு பந்தயத்தில் ஆறு சொற்களில் கதை எழுதினாராம். யாரும் அணியாத குழந்தைக் காலணி விற்பனைக்கு என்னும் விளம்பரத்தின் வடிவில் அது இருந்ததாம். அவர்தாம் அதை எழுதினார் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. 1961இல் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் பெயரோடு அக்கதை அச்சேறியது. ஆகவே கதையைப் போற்றலாம்; ஆசிரியர் பெயரை மட்டும் சொல்லாமல் விடுவது நேர்மை.

தமிழில் ஆறு சொல் என்பது சற்றுத் தாராளமான அளவே. 'வந்தாள்' என்ற ஒரு சொல்லிலேயே வந்தவள் பெண், ஒருத்தி, வந்தது முன்பு என்பவை அடங்கியுள்ளன. மரியாதையும் விகுதியிலேயே தெரிந்துவிடும். 'வந்தாள்' என்பதற்கும் 'வந்தார்' என்பதற்கும் இடையே ஓர் உறவின் கதையே இருக்கிறது. இவ்வளவு வசதி உள்ள மொழியில் நீட்டி முழக்குவதற்கு நாம் என்ன சாக்குச் சொல்ல முடியும்?

எழுதுவது எப்படி?

முதல் நாள் என் மாணவியர் எழுதியவற்றுள் ஒன்று இது: 'என் வாழ்க்கை மிகவும் இனிமையானது, மகிழ்ச்சியானது, அழகானது.' எண்ணிப் பாருங்கள். ஆறு சொற்கள் சரியாக உள்ளன. ஆனால் உள்ளே யாரும் இல்லை! இதை எந்தப் பெண்ணின் படத்தின் கீழும் ஒட்டலாம்.

உங்கள் பெற்றோருக்குத் தந்தி நினைவிருக்கும். 2013 ஜூலையோடு நம் நாட்டில் அச்சேவை நின்றுவிட்டது. சொல்லுக்குக் காசு என்பதால் துக்கச் செய்தியையும் நாலைந்து சொற்களில் அடக்குவார்கள். வாழ்த்துத் தந்திக்கோ அஞ்சலகத்தில் ஆயத்த வாசகங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைச் சொன்னால் போதும், வாழ்த்துப் போய்ச் சேரும். 'மிகவும் இனிமையானது' என்பது அத்தகைய எண் போட்ட வாசகமே. துக்கத் தந்தி சுருக்கமானது. வாழ்த்துத் தந்தியும் சுருக்கமானதே. ஒன்று நெஞ்சை உலுக்கியது, மற்றொன்று மேசை மேலேயே கிடந்தது. சுருக்கம் மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நாங்கள் கைக்கொண்ட முறை இதுதான். முதலில் வாழ்க்கை முழுவதையும் விட்டுவிட்டு, ஒரு நாளை, ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பத்து வரி தாராளமாக எழுதுங்கள். அதில் கண்ணால் காணவும் கையால் தொடவும் மூக்கால் முகரவும் முடிந்த பொருள்களின் கீழே கோடிடுங்கள். 'மிகவும்', 'அழகான', 'மறக்க முடியாத' என்பவற்றை அடித்துவிடுங்கள். எஞ்சியவற்றைக் கொண்டு ஆறு சொல் வாக்கியம் அமையுங்கள். வாய்விட்டுப் படியுங்கள். ஒரு நாள் பொறுத்து மீண்டும் பாருங்கள்.

இரண்டாம் வாரம் வந்தவை வேறு விதமாக இருந்தன. இரண்டு மட்டும் தருகிறேன்.

'அம்மா மடித்துத் தைத்தாள். அக்காவின் பாவாடை எனதாயிற்று.'

'விடுதியில் முதல்நாள், தலையணையில் மட்டும் வீட்டு வாசனை.'

முதல் வரியில் வறுமை என்ற சொல் இல்லை. இரண்டாவதில் அழுகை என்ற சொல் இல்லை. அவற்றை நிரப்பும் பொறுப்பு படிப்பவரிடம் விடப்பட்டிருக்கிறது. படிப்பவரும் தாமே கண்டுபிடித்ததை மறப்பதில்லை.

படம் சொல்லாததைச் சொல்லுங்கள்

படக்குறிப்புக்கு வேறொரு விதி உண்டு. படத்தில் தெரிவதைத் திரும்பச் சொல்வது வீண். புன்னகை புரியும் சிறுமியின் கீழே 'புன்னகை புரியும் சிறுமி' என்று எழுதுவதால் யாருக்கு என்ன பயன்? யார், எங்கே, எப்போது என்பவற்றைச் சொல்லிவிட்டு, படத்துக்கு வெளியே உள்ள ஒரு செய்தியைத் தர வேண்டும்.

ஒரு மாணவி தன் பிறந்த நாள் படத்தைக் கொண்டுவந்தாள். முதலில் 'எனது பத்தாவது பிறந்த நாள் விழா' என்று எழுதினாள். படத்தில் அம்மா, தம்பி, அண்டை வீட்டார் அனைவரும் இருந்தனர். 'அப்பா எங்கே? அவர்தான் படம் எடுத்தாரா?' என்று ஒருத்தி கேட்டாள். சற்று நேரம் அமைதி. பிறகு அவள் திருத்தி எழுதியது இது: 'என் பத்தாவது பிறந்த நாள். படம் எடுத்தவர் மாமா. அப்பா அப்போது மஸ்கட்டில்.' ஒரு சொல்லும் புலம்பவில்லை. ஆனால் அதற்குப் பின் நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்தபோது, இல்லாதவரையே பார்த்தோம்.

பிறர் கதை நம் கையில்

மாணவியரே, இங்கே ஓர் எச்சரிக்கை. நம் வாழ்க்கையில் நாம் தனியாக இல்லை. நம்மைப் பற்றி எழுதும்போது அம்மாவும் அப்பாவும் தோழியும் உள்ளே வந்துவிடுகிறார்கள். நீண்ட கட்டுரையில் விளக்கம் கூற இடமுண்டு. ஆறு சொல்லில் இல்லை. ஒருவரைக் குற்றவாளியாக்க ஆறு சொல் தாராளம். ஆகவே பிறரைப் பற்றி எழுதியதை முதலில் அவரிடம் படித்துக்காட்ட வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம்.

அவ்விதியின்படி ஒரு மாணவி தன் பாட்டியிடம் ஒரு வரியைப் படித்துக்காட்டினாள். பாட்டி சில வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பேத்தியைப் படிக்க வைப்பவர். வரி இது: 'பாட்டிக்கு வயது அறுபது, அவர்களுக்கு இன்னும் அவள்.' கேட்டுவிட்டுப் பாட்டி சிரித்தாராம். 'உள்ளதுதானே, எழுதிக்கோ. பேரு மட்டும் போடாதே' என்றாராம். அந்த வரி வகுப்பில் படிக்கப்பட்டபோது யாரும் கை தட்டவில்லை. சில நாள் கழித்து வேறொரு மாணவி என்னிடம் தனியாக வந்து, 'எங்கள் வீட்டு வேலைக்கு வருபவரை நான் இப்போது அக்கா என்று கூப்பிடுகிறேன், டீச்சர்' என்றாள். இருபது ஆண்டுகளாகப் பண்பாடு பற்றி நான் நடத்திய பாடங்கள் செய்யாததை ஒரு விகுதி செய்துவிட்டது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

கடைசியாக என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு பழைய படம் இருக்கிறது. ஓட்டு வீட்டுத் திண்ணையில் ஐந்து பெண்கள். நடுவில் என் பாட்டி. பின்புறம் திருப்பினால் படம் எடுத்த கடையின் முத்திரை மட்டும் உண்டு. பாட்டி இருந்தவரை ஐவரின் பெயரும் அவருக்குத் தெரியும். விடுமுறையில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பரீட்சை வந்தது, திருமணம் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். பாட்டி போய்விட்டார். இன்று இருவரை மட்டுமே என்னால் அடையாளம் சொல்ல முடிகிறது.

இந்தப் பயிற்சியில் நானும் ஒரு குறிப்பு எழுதினேன். 'இடமிருந்து மூன்றாவது பாட்டி. நான்காவது அவர் தங்கை. மற்ற மூவர் பெயர் தெரியவில்லை. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.'

பெற்றோரே, இப்போது கைபேசியில் ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்கின்றன. அவற்றுள் எத்தனைக்குப் பெயரும் தேதியும் உண்டு? வாரத்தில் ஓர் இரவு, சாப்பாட்டுக்குப் பின், ஒரே ஒரு பழைய படத்தை எடுத்து வையுங்கள். வீட்டில் மூத்தவரைப் பேச விடுங்கள். மகளை எழுத விடுங்கள். படத்தின் மேல் பேனாவால் எழுத வேண்டாம், மை ஊறிவிடும். ஒரு தாள் உறையில் யார், எங்கே, எப்போது என்று எழுதி, அதனுள் படத்தை வைத்தால் போதும். அடியில் ஒரு வரி, படம் சொல்லாத செய்தி.

மாணவியரே, இம்மலரை மூடுமுன் உங்கள் வகுப்புப் படத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். அச்சான பெயர்களின் ஓரத்தில், உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு வரியைப் பென்சிலால் எழுதி வையுங்கள். யார் அன்று காய்ச்சலோடு வந்து நின்றாள், யார் யாருடைய ரிப்பனைக் கடன் வாங்கிக் கட்டியிருந்தாள், அழைத்தும் வராமல் போனவள் யார் என்று எழுதுங்கள். ஒரு நாள் உங்கள் மகள் அப்பக்கத்தைத் திறந்து, 'இது யாரம்மா?' என்று கேட்பாள். அப்போது நீங்கள் என்னைப் போல் விழிக்க வேண்டியதில்லை.