நிலக்கரி நிலையத்தில் சூரியக் கண்ணாடி: கரி குறையுமா?

2030-க்குள் புதைபடிவ எரிபொருள் சாராத மின் உற்பத்தித் திறனை 500 கிகாவாட்டாக உயர்த்துவது இந்தியாவின் இலக்கு. கெடு நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: இருக்கிற அனல் மின் நிலையங்களிலேயே சூரிய வெப்பத்தைச் சேர்த்துவிட்டால் என்ன? பலர் இதை மொட்டைமாடி சோலார் தகடோடு குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே தகடு கிடையாது. வெயிலைக் குவித்து நீரைச் சூடாக்கும் கண்ணாடிகள்தான்.

சூட்சுமம் டர்பைனின் நடுவில் இருக்கிறது. கொதிகலனுக்குப் போகும் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்குவதற்காக, டர்பைனில் பாதி வேலை முடித்த நீராவியில் ஒரு பகுதியை இடையிலேயே உருவிவிடுவார்கள். அந்தச் சூட்டை வெயில் கொடுத்துவிட்டால் நீராவியை உருவ வேண்டியதில்லை. அது கடைசிவரை ஓடி டர்பைனைச் சுழற்றும். புதிய டர்பைனோ ஜெனரேட்டரோ மின்தடமோ தேவையில்லை. கெட்டிக்கார யோசனைதான்.

வில்லங்கமும் அங்கேயே தொடங்குகிறது. மிஞ்சும் நீராவியைக் கொண்டு, மின்சாரத்தை அதே அளவில் வைத்துக் கரியைக் குறைக்கலாம். அல்லது கரியை முன்போலவே எரித்து மின்சாரத்தைக் கூட்டலாம். இரண்டாவது வழியில் அந்தப் புகைபோக்கி கக்கும் கரியமில வாயு ஒரு கிலோகூடக் குறையாது. யூனிட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு மட்டும் அழகாகும். வேறெங்காவது ஒரு கரி நிலையம் அந்த அளவுக்கு உற்பத்தியைக் குறைத்தால்தான் பலன். அறிக்கைகளில் இரண்டுக்கும் ‘பசுமை’ என்றே பெயர்.

கரி நீராவியும் வெயிலின் பங்கும் ஒரே டர்பைனில் கலந்துவிடுவதால், ‘சூரிய மின்சாரம்’ எவ்வளவு என்று எந்த மீட்டரும் காட்டாது. கணக்குப் போட்டுத்தான் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் லிடெல் நிலையத்தில் 2012-ல் சேர்க்கப்பட்ட 9 மெகாவாட், வெப்பத்தின் அளவு. மின்சாரமாகத் தேறியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 2023-ல் மூடப்பட்ட அந்த நிலையத்தின் திறனோ 2,000 மெகாவாட்டாக இருந்தது!

மற்ற கேள்விகள்:

பெரிய அளவில் முயன்றார்களா? குயின்ஸ்லாந்தின் கோகன் கிரீக் நிலக்கரி நிலையத்தில் 44 மெகாவாட் கூட்டும் திட்டம் 2016-ல் கைவிடப்பட்டது.

எரிவாயு நிலையங்களில்? மொராக்கோ, அல்ஜீரியா, எகிப்தில் உண்டு.

இரவில்? கரிதான்.

எல்லா இடத்துக்கும் பொருந்துமா? நிலையத்தை ஒட்டியே காலி நிலமும், மேகமும் தூசியும் மறைக்காத வெயிலும் வேண்டும்.

அடுத்து இப்படியொரு அறிவிப்பு வரும்போது, ஆண்டுக்கு எத்தனை டன் கரி குறைவாக வாங்கப்படும் என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால், மெகாவாட் எண்ணை நம்ப வேண்டாம்.